கோடி அக்கா அனுப்பிய சின்னப் பொட்டலம்

இந்த ஊவா மாகாணத்தில் அம்மனுக்கு அதிகமாக வேலை வைத்த மனுஷி எங்கள் கோடி அக்காதான். கற்பூரத்தின் மேல் கை வைத்து வேண்டுமானாலும் சொல்வேன். நாமெல்லாம் என்ன செய்கிறோம்? "தாயே, ஒரு வழியைக் காட்டு" என்று கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அம்மனுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. அக்கா அப்படி விடமாட்டார். எதையும் கணக்குச் சொல்லித்தான் வேண்டுவார். நூற்றெட்டுச் சுற்று, ஆயிரத்தெட்டு விளக்கு, லட்சம் பூ. லட்சமும் சின்னதாகத் தெரிந்த பிறகு கோடி.

அக்காவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலை ஏறும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போவார்களே, அந்த இடம். நான் அதே தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காகக் கோயில் கமிட்டியில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பதுளை பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றோம். தூறல். நமுனுகுலப் பக்கம் மலையே இல்லாதது போல ஒரே பனி. பஸ்ஸைக் காணோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா கண்ணை மூடினார்.

"அம்மா, இப்ப பஸ்ஸு வந்துச்சுன்னா ஒன்னைய நூத்தெட்டுச் சுத்து சுத்துறேன்."

சொன்ன வாய் மூடவில்லை, வளைவில் பஸ் வந்து நின்றது. எல்லாரும் விழுந்தடித்து ஏறினோம். அக்கா ஏறவில்லை.

"அக்கா, ஏறுங்க! பஸ்ஸு கெளம்புது!"

"நீங்க போங்க தம்பி. நான் போயி சுத்திட்டு வந்துர்றேன். கேட்டது கெடைச்சா அப்பவே குடுத்துரணும்."

பஸ்ஸுக்கு வைத்த நேர்த்தியால் பஸ்ஸை விட்ட மனுஷி இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பின்னேரம் நான் பதுளையில் இருந்து திரும்பும்போதும் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். நடுவில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாராம்.

இதுகூடப் பரவாயில்லை. தன்னுடைய கால், தன்னுடைய சுற்று. அடுத்தவர் உடம்பையும் நேர்ந்துவிடுவார் என்பதுதான் கஷ்டம். எனக்கு ஒருமுறை பல்வலி. கன்னம் வீங்கிக் கிடந்தேன்.

"தம்பி, உங்க பல்லுவலிக்கு நேர்ந்துட்டேன்."

"ரொம்ப சந்தோசங்க அக்கா."

"கோயிலைச் சுத்தி உருளணும்."

"பாவம், இந்த வயசுல நீங்க போயி உருளுறதா?"

"நான் எதுக்கு உருளுறேன்? பல்லு உங்களுதுதானே?"

உருண்டேன். என் வீட்டுக்காரி பக்கத்திலேயே நடந்து வந்து, எந்தப் பக்கம் கல் இருக்கிறது என்று சொன்னாள். பல்வலி போயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடுப்பைப் பற்றி அக்கா காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் பகல் நேரத்தில் பிள்ளைமடுவத்துப் பக்கம் போனால் அந்த அக்காவா இது என்று இருக்கும். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அக்கா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டிலாகத் தட்டிவிட்டுக்கொண்டே அம்மனின் ஆயிரம் பெயரையும் சொல்வார். உண்மையில் அவருக்குத் தெரிந்தது பதினொரு பெயர். பதினொன்று முடிந்ததும் முதலிலிருந்து வரும். வெளியே பனி இறங்கும். தேயிலை மேல் ஈரம் மின்னும். அந்தச் சத்தம் தேனீ மாதிரி ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டே இருக்கும். தபால் பையோடு வாசல்படியில் சும்மா சாய்ந்தவன் நான் எத்தனை தரம் அப்படியே கண் அசந்திருக்கிறேன்! ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த ஐயாவே பேனாவைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

அந்தத் தொட்டிலில் தூங்கின பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்றைக்கு வெளிநாட்டில். வீட்டு வேலைக்கு அரபு நாடுகளுக்குப் போனவர்கள்தான் அதிகம். என் மூத்த மகள் சுமதியும் அதில் ஒருத்தி. குவைத்தில் இருக்கிறாள். போய் மூன்று வருஷம்.

இனிச் சொல்வதற்கு எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடிப் பூசையில், வந்தவர் வராதவர் எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் பூசாரி அம்மன் முன்னால் வாசிப்பார். வர முடியாதவர்கள் நேர்த்திச் சாமானைப் பொட்டலமாகக் கட்டி வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொட்டலத்துக்குள் அவர்களுடைய தங்கச்சி கொடுத்த பொட்டலம் இருக்கும். அதற்குள் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது இருக்கும். எத்தனை முடிச்சு இருந்தாலும் கடைசி முடிச்சு வரை அவிழ்த்து அம்மனுக்குக் காட்டிவிட வேண்டும். கட்டோடு கிடக்கிற நேர்த்தி, கட்டினவரைப் போய்ச் சுற்றிக்கொள்ளும் என்று எங்களுக்கு ஒரு பயம். ஒரு தரம் ஏழு முடிச்சு அவிழ்த்தோம். உள்ளே ஒரே ஒரு பிள்ளை வளையல் இருந்தது. யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனாலும் காட்டினோம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயர்களை நான் ஒரு கொப்பியில்தான் எழுதி வைத்திருந்தேன். போன மழைக்குக் கோயில் அறை ஒழுகி, கொப்பி பொங்கிய இட்லி மாதிரி ஆகிவிட்டது. அதனால் கமிட்டி கூடி, இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில் என்று முடிவு செய்தது. யாரோ ஒரு நல்ல மனுஷர் கொடுத்த பழைய லெப்டொப் இருந்தது. அதற்கு வேண்டிய வேலையைச் செய்து தரச் சொல்லி டீச்சரிடம் போனேன். டீச்சர் என்றால் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர். யாழ்ப்பாணத்து ஆள், தேவாலயத்துக்குப் போகிறவர், தெமோதரையில் வாடகைக்கு இருக்கிறார். வேறு சாமி என்று பார்க்காமல் சும்மாவே செய்து தந்தார்.

வேலை இதுதான். யார் எந்த நாட்டில் இருந்து பெயர்ப் பட்டியலை அனுப்பினாலும் அது கோயில் லெப்டொப்பில் வந்து விழும். பல பட்டியலைச் சேர்த்து ஒரே பொட்டலமாகச் சுருக்கிக் கட்டி அனுப்பினாலும் சரி, லெப்டொப் தானாகப் பிரித்து அடுக்கி வைக்கும். நான் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இதைக் கமிட்டிக்குக் காட்டின அன்றைக்கே டீச்சர் சொன்னார்.

"ஒரு அளவு வைக்கோணும் ஐயா. இவ்வளவுக்கு மேல விரிஞ்சால் நிப்பாட்டு எண்டு மெசினுக்குச் சொல்லி வைக்கோணும்."

கமிட்டித் தலைவர் கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டார். அவர் அப்படிச் செய்தால் சண்டைக்கு ஆயத்தம் என்று அர்த்தம்.

"அம்மனுக்கு வர்றதுக்கு அளவு வைக்கச் சொல்றீங்களா டீச்சர்? கடைசி முடிச்சு வரைக்கும் அவுக்கணும். அதான் எங்க வழக்கம்."

"பொட்டலத்துக்குள்ள பொட்டலம் இருந்தால்?"

"அதையும் அவுக்கணும்."

"அதுக்குள்ளயும் இருந்தால்?"

"என்னா டீச்சர், வெளங்காத மாதிரியே கேக்குறீங்க? முடிச்சு இருக்கிற வரைக்கும் அவுக்கணும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்போது நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தலைவர் சொன்னபடியே ஆயிற்று.

ஆடி பிறந்ததும் பெயர்கள் வந்து குவிந்தன. அறுநூற்றுக்கு மேல். நான் ஒன்றையும் எழுதி எடுக்கவில்லை. மெசின்தான் வைத்திருக்கிறதே என்ற தைரியம். வெள்ளிக்கிழமை பூசை, புதன்கிழமை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். கோடி அக்கா வழியில் என்னை மறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, அம்மாவுக்கு நானும் ஒண்ணு அனுப்பிருக்கேன்."

"உருளுறதா அக்கா?"

"போங்க தம்பி. கம்ப்யூட்டர்ல. சின்னதுதான். ஒரு போட்டோ அளவுகூட வராதாம்."

அக்கா சின்னது என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

புதன்கிழமை லெப்டொப்பைத் திறந்தால் அது திறந்த வாயோடு அப்படியே நின்றது. எதைத் தட்டினாலும் அசைவு இல்லை. அடியில் உள்ள விசிறி மட்டும் மூச்சு முட்டின மாதிரி இரைந்தது. கடைசியில் ஒரு கட்டம் வந்தது. இடம் இல்லை என்றது. பெயர்களைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. அணைத்துப் போட்டேன். எழுந்ததும் விட்ட இடத்தில் இருந்து மறுபடி எதையோ பிரிக்கத் தொடங்கி, மறுபடி நின்றது.

தலைவர் வந்தார். பார்த்தார். தொப்பி மேலே ஏறியது.

"இது மேட்டு லயத்துக்காரனுங்க வேலை! அவனுங்க கோயில்ல கூட்டம் இல்லேன்னு நம்ம கோயில்ல கை வச்சிட்டானுங்க."

"தலைவரே, அவங்களுக்குக் கம்ப்யூட்டரே கெடையாதுங்களே."

"அதான் பொறாமை!"

பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "செயலாளரே, வெள்ளிக்கிழமைக்குப் பட்டியல் வரணும். வரலேன்னா கோயிலுக்கு வந்து நிக்கிறவங்க பேரை மட்டும் வாசிப்போம். இந்த வருசம் மட்டும் இல்ல, இனிமே அப்புடித்தான். பாதிப் பேரை வாசிச்சு மீதியை விடுறது பாவம். ஒண்ணு எல்லாரும், இல்லாட்டி வந்தவங்க மட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு நாளில் மறுபடி எல்லாரிடமும் கேட்டு வாங்க முடியுமா? அந்தப் பிள்ளைகளுக்கு எசமானி போனைக் கொடுக்கிற நேரத்தில்தான் போன். சுமதி அவர்களுக்கெல்லாம் மேல். அவளிடம் சொந்தப் போன் உண்டு. ஆடிப் பூசை அன்றைக்கு அதில் எனக்கு அழைத்து, திறந்தபடியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். போன வருஷம் பூசை முடிந்ததும் சொன்னாள்: "அப்பா, பேரு வாசிக்கிறப்ப மட்டும் நான் நம்ம வீட்டுல இருக்கேன்." அந்த ஒரு நிமிஷத்தைப் பிடுங்கிவிட்டு நான் அந்தக் கோயிலில் என்ன செயலாளர்?

டீச்சருக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணிக்கு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். பூசாரியும் வந்துவிட்டார். கரகச் செம்புகள் அடுக்கியிருக்கும் அந்தச் சின்ன அறையில் எல்லாரும் நெருக்கி நின்றோம். டீச்சர் என்னென்னவோ செய்து, பிரிக்கிற புரோகிராம் எழும்பாதபடி லெப்டொப்பை மெதுவாக எழுப்பினார். எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தார். பிறகு கன்னத்தில் கை வைத்தார்.

"இதென்ன கோதாரி! வந்த பொட்டலம் இவ்வளவுதான், ஒரு சின்னப் படத்தின்ர அளவு. இது விரிஞ்சு விரிஞ்சு முழு இடத்தையும் குடிச்சுப்போட்டுது."

"நான் சொல்லல? விசம்!" என்றார் தலைவர்.

"பொறுங்கோ ஐயா. இப்பிடி வேணுமெண்டு அனுப்பிக் கெடுக்கிற ஆக்களும் இருக்கினம்தான். ஆர் எதை அனுப்பினாலும் வாங்கிப் பிரிக்கிற இடமெண்டால், அங்க ஒரு சின்னப் பொட்டலத்தைப் போட்டுவிட்டாலே காணும், மெசின் படுத்திடும். அதுதான் நான் அண்டைக்கே அளவு வைக்கோணும் எண்டனான். ஆனா இதுக்குள்ள என்ன கிடக்குது எண்டு பாப்பம்."

விரிந்ததில் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்க ஒரே வரி. மாரியம்மா துணை. அதன் கீழே மாரியம்மா துணை. டீச்சர் விரலால் உருட்டினார். மாரியம்மா துணை, மாரியம்மா துணை, மாரியம்மா துணை. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடைப் பக்கமிருந்து பனி கிளம்பி வந்தது. முதலில் ஒரு கைப்பிடி அளவு புகைதான் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது லயம், தேயிலை, கோபுரம் எல்லாம் அதற்குள் போய்விடும். திரையிலும் வெளியிலும் ஒன்றுபோலவே இருந்தது எனக்கு. பூசாரி தன்னை அறியாமல் கை கூப்பிவிட்டார். எனக்குப் பிள்ளைமடுவத்து வாசல்படியில் சாய்ந்த மாதிரிக் கண் சொக்கிக்கொண்டு வந்தது.

சொக்கின கண் பட்டென்று திறந்தது.

"டீச்சர், இது கோடி அக்கா!"

ஆள் அனுப்பினோம். அக்கா ஒரு கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"அம்மா பேரு நெறஞ்சு வழியுதா? எடம் காணலியா? நெசமாவா?"

பிறகு கதை வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக அம்மன் பெயரைக் கோடி தரம் எழுதுவதாக நேர்ந்திருக்கிறார். கொப்பி வாங்கி எழுதியும் பார்த்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரம். பதுளையில் போட்டோக் கொப்பி எடுக்கிற கடைக்காரர் கணக்குப் போட்டு, ஒரு கோடி முடியவே இருபத்தேழு வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

"அறுவது தாண்டிருச்சு எனக்கு. அம்மா அதுவரைக்கும் விட்டு வைப்பாளோ என்னமோ. அந்தக் கடைக்காரரு நல்ல மனுசன். கம்ப்யூட்டர்ல எழுதக் காட்டிக் குடுத்தாரு. ஒண்ணை எழுதி அதை எடுத்து ஒட்டுனா ரெண்டு. ரெண்டை எடுத்து ஒட்டுனா நாலு. பால் பொங்குற மாதிரி ஏறிருச்சு தம்பி! சும்மா அமுக்கல, ஒவ்வொரு அமுக்குக்கும் வாயால சொல்லித்தான் அமுக்குனேன். பக்கம் பெருசாயி மெசினு திணறுனப்ப அவரே பக்கத்தையெல்லாம் ஒண்ணாக் கோத்துக் குடுத்தாரு. மூணு நாளு."

"ஒரு கோடிதானே அக்கா? அதுக்கே இவ்வளவா?"

"ஒரு கோடியா? பிள்ளைக்கு ஒரு கோடி."

"எத்தினை பிள்ளை?" என்று டீச்சர் கேட்டார்.

"என் தொட்டில்ல தூங்குனதுல நாப்பத்தொண்ணு இப்ப வெளிநாட்டுல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கட்டி, அது பேரு போட்டு, எல்லாத்தையும் ஒரே பெரிய பொட்டலமாக் கட்டியாச்சு. நம்ம வழக்கம்தானே?"

நாற்பத்தொரு கோடி! தலைவரின் தொப்பி தானாகக் கீழே இறங்கியது.

"அது எப்புடி டீச்சர் இத்தனூண்டுக்குள்ள அடங்குச்சு?" என்று பூசாரி கேட்டார்.

"ஒரே சொல்லுத்தானே ஐயா. சுருக்கேக்க மெசின் கெட்டித்தனமா 'இதே பேர், இத்தினை கோடி தரம்' எண்டு மட்டும் எழுதி வச்சுக்கொள்ளும். பிரி எண்டு சொன்னால்தான் பாவம், ஒவ்வொண்டா எழுதத் தொடங்கும். முப்பத்தாறாவது பிள்ளையில மூச்சு நிண்டிட்டுது."

நான் அக்காவிடம் மெல்லச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இதற்கடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இதை எடுத்தால்தான் அது வெளியே வரும். வராவிட்டால் வெள்ளிக்கிழமை அவர்கள் பெயர் இல்லை. இனிமேலும் இல்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது. இடுப்பில் இருந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

"அப்ப அழிச்சிருவோம்," என்றார் தலைவர். எல்லாரும் லெப்டொப்பைப் பார்த்தோம். யாரும் கிட்டப் போகவில்லை.

"தலைவரே, நீங்க அமுக்குங்க."

"நானா? அம்மன் பேரை நான் அழிக்கிறதா? எனக்குப் பேரப்பிள்ளை பொறந்திருக்கு. பூசாரி செய்யட்டும்."

"நாளைக்கு அவ மூஞ்சில நான் முழிக்க வேணாமா?" என்று பூசாரி இரண்டு அடி பின்னால் போனார்.

"டீச்சர்?"

"ஐயோ, என்னை விடுங்கோ அண்ணை. நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போறனான். நான் அழிச்சிட்டன் எண்டு நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். அதே கையால்தான் ஒவ்வொரு காலையிலும் விளக்கேற்றுகிறேன். மாரியம்மா துணை என்று திரை முழுக்க இருக்கிறது. நீட்டின விரலை மடக்கிக்கொண்டேன். அடியில் என் மகள் பெயர் கிடக்கிறது என்று தெரிந்தும் முடியவில்லை.

"என்னா எல்லாரும் அழிக்கிறது அழிக்கிறதுன்னே சொல்றீங்க?" கோடி அக்காதான். "திருவிழா முடிஞ்சா கரகத்தை என்னா செய்யிறோம்? ஆத்துல கொண்டுபோயி குடி விடுறோம்ல? ஜோடிச்சது, பூசை வச்சது எல்லாத்தையும் தண்ணியில விட்டுட்டுத்தானே வீட்டுக்கு வர்றோம். அம்மனை அழிச்சிட்டோம்னா சொல்றோம்? எழுதுனது நான். நானே குடி விட்டுர்றேன். ஆனா ஒண்ணு, தப்பு அடிக்காம எப்புடிங்க குடி விடுறது?"

தப்புப் பறை அடிக்கிறவரைக் கூப்பிட்டோம். தலையில் துவாயோடு, தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தார்.

"எந்த ஆத்துக்குங்க போறோம்?"

"இந்த மேசைக்கு," என்றார் தலைவர்.

தப்புக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தப்பைச் சூடு காட்டப் போய்விட்டார். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தார்.

"கிட்டக் கொண்டு வராதேங்கோ! நெருப்பு!" என்று டீச்சர் கத்தினார். பூசாரி தட்டை வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லெப்டொப்புக்குக் காட்டினார். தலைவர் மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். டீச்சர் அதைப் பறித்தே விட்டார்.

தப்பு முழங்கியது. அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்தார். டீச்சர் காட்டின பொத்தானை வலது கை நடு விரலால், திருநீறு எடுக்கிற மாதிரி, தொட்டு அமுக்கினார்.

பழைய லெப்டொப் ஆனபடியால் ஒவ்வொன்றாகத்தான் போயிற்று. போகிற ஒவ்வொன்றின் பெயரும் திரையில் ஒரு கணம் தெரிந்தது. எல்லாம் பிள்ளைகளின் பெயர். அக்காவுக்கு அவ்வளவாக வாசிக்க வராது. டீச்சர் வாசித்துச் சொன்னார். கலா. "போயிட்டு வாடா." ராஜேஸ்வரி. "போயிட்டு வாடா." மழையில் கரகம் போகிறதைப் பார்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கிற மாதிரியே நின்றோம். தப்பின் சத்தத்தில் கரகச் செம்புகள் மெல்ல அதிர்ந்தன.

சுமதி என்று வந்தது.

கையில் இருந்த பிள்ளையை இறுக்கிவிட்டேன் போல, அது அழுதது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க தம்பி. அவ எங்கயும் போகல. அவ வர்றதுக்கு எடம் விடுறோம்."

முப்பத்தாறும் போயின. கடைசியாக, முதலில் வந்த அந்தச் சின்னப் பொட்டலம் மட்டும் இருந்தது. அதை விட்டு வைத்தால் மெசின் திரும்பவும் பிரிக்கப் பார்க்கும் என்றார் டீச்சர். அக்கா அதையும் தொட்டு அமுக்கினார். தப்பு நின்றது. அறுநூற்றுச் சொச்சம் பெயரும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தன.

தலைவர் அங்கேயே அளவு வைக்கச் சொல்லிவிட்டார். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே உள்ளே எவ்வளவு என்று பார்க்கிற மாதிரி டீச்சர் செய்தார். "பொட்டலம் சொல்லுற கணக்கையும் நம்பேலாது, சிலது பொய் சொல்லும். பிரிக்கப் பிரிக்க மெசின் எண்ணிக்கொண்டே போகும். அளவு தாண்டினால் நிப்பாட்டிப்போட்டு உங்களுக்குச் சொல்லும்," என்றார். முடிச்சுக்குள் முடிச்சு இரண்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் முடிச்சு இருந்தால் கட்டினவரையே கூப்பிட்டுக் கேட்போம் என்று கமிட்டியில் எழுதி வைத்தோம். "கொழுந்துச் சாக்கைக் கொட்டுறதுக்கு முன்னாடி எடம் இருக்கான்னு பாக்குறதில்லையா? அந்த மாதிரிதான்," என்று அக்கா கமிட்டிக்கு விளக்கம் சொன்னார். அவர்தான் இதை மூட்டிவிட்டவர் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கொப்பியிலும் ஒரு பிரதி, உறையும் போட்டு.

வெள்ளிக்கிழமை பூசை. பூசாரி வாசிக்க வாசிக்க வெளியே வெயிலும் பனியும் மாறி மாறி வந்தன. என் சட்டைப் பையில் போன் திறந்தபடி இருந்தது. அங்கே குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சுமதி பெயரை வாசித்ததும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, "கேட்டுருச்சுப்பா," என்றாள். அவ்வளவுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்பூரப் புகை என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

பட்டியல் முடிந்தது. பூசாரி தாளைக் கீழே வைக்கப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே எழுதின பட்டியல், இத்தனை வருஷமாக நான் எழுதுகிற பட்டியல், அதில் ஒரு வருஷம்கூட அந்தப் பெயர் இல்லை. எல்லாருக்காகவும் கேட்டவர் தனக்கென்று பெயர் கொடுத்ததே இல்லை. நானும் கேட்டதில்லை.

"ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சு," என்றேன். "கோடி அக்கா."

"நட்சத்திரம்?"

திரும்பிப் பார்த்தேன். கடைசித் தூண் ஓரத்தில் யாருடைய பிள்ளையையோ தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை தூங்கிவிட்டது. தட்டுகிற கை நிற்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் பிள்ளை எழுந்துவிடும்.

"இருபத்தேழையும் சொல்லிருங்க ஐயா," என்றேன். "ஒண்ணு அவங்களுக்குக் காணாது."

பூசாரி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையில் பூவை எடுத்துக்கொண்டு, அசுவினி, பரணி என்று நிதானமாக ஆரம்பித்தார்.